அம்மா தர்க்கப் பரீட்சை எழுதிய நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சண்டைக்காலத்துப் பேச்சு தானாக வந்துவிடுகிறது. ரேஷன் அரிசியில் பொறுக்கிய கல்லைப் பற்றி ஒருவர் சொல்வார், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை இன்னொருவர் சொல்வார். நானும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கு அந்த வருஷங்கள் என்றதும் முதலில் காதில் விழுவது 'பார்பரா, செலாரண்ட், டாரியை, ஃபெரியோ' என்று அம்மா முணுமுணுத்த குரல்தான். அது தர்க்க பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வாய்பாடு. அர்த்தம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைத்தான் என் தம்பிக்குத் தாலாட்டாகப் பாடினேன்.

சிம்மக்கல்லில் ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் கிணறு, சுற்றிலும் ஒற்றை அறைக் குடித்தனங்கள் ஏழு. தெருவில் இருந்த மண்டிகளிலிருந்து வெல்லப்பாகு வாசனையும் சாக்குத் தூசியும் எந்நேரமும் உள்ளே வந்துகொண்டிருக்கும். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டு முடிந்திருந்தது. அப்பா ரங்கூனில் ஒரு மர டிப்போவில் கணக்கராக இருந்தார். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது கப்பலேறிப் போனவர். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடிதம் நின்றுபோயிற்று. பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் நம் ஊரிலும் சிலர் இருந்தார்கள். அம்மா ஒவ்வொருவர் வீட்டையும் தேடிப் போய் விசாரித்தாள். ஒருவர் மட்டும் பார்த்தேன் என்றார். எங்கே, எப்போது என்று அம்மா கேட்கக் கேட்க, அது வேறு ஆளாகவும் இருக்கலாம் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா குங்குமத்தை அழிக்கவில்லை. வளவில் அதற்கும் பேச்சு இருந்தது.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கோச்சடையில் இருந்தார். ஆற்றோரம் தென்னந்தோப்பும் வயலும் உண்டு, பிள்ளைகள் கிடையாது. எங்களை அங்கே வந்து இருக்கச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, அழைத்தது நிஜமான அழைப்புத்தான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே புருஷன் இல்லாத ஒரு உறவுக்காரப் பெண் இருந்தாள். அவள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை சாணி அள்ளுவதையும் நெல் அவிப்பதையும் அம்மா பார்த்திருக்கிறாள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஸ்கூல் பைனல் தேறியவள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஒரு துரைசானிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கப் போய், அவர் மூலமாகவே அந்தக் காலேஜில் இண்டர்மீடியட் சேர்ந்தாள். சம்பளம் கட்ட வேண்டாம் என்று துரைசானி ஏற்பாடு செய்தார். ஒரே ஒரு நிபந்தனை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யாராலும் ஒழுங்காகப் படிக்க முடியாது, பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்தால்தான் சேர்த்துக்கொள்வேன் என்றார். அம்மா, இரண்டு பேரையும் கோச்சடையில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். அது பொய். இண்டர் தேறி, ட்ரெயினிங் முடித்தால் பள்ளிக்கூட வேலை கிடைக்கும். அந்த வேலைக்காக அந்தப் பொய்.

அதனால் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. என்ன ஆனாலும் நான் காலேஜ் பக்கம் வரக்கூடாது. பாலத்தில் அம்மாவைப் பார்த்தாலும் கூப்பிடக் கூடாது. அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் யார் கேட்டாலும், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக என்னை நாலாம் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம்தான், அப்புறம் உன்னைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் படித்த விதம் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. மண்ணெண்ணெய் இல்லாததால் வெளிச்சம் இருக்கும்போதே படித்தாக வேண்டும். அடுப்புக்கு எதிரே சுவரில் புத்தகத்தைச் சாய்த்து, மூடிக்கொள்ளாமல் இருக்கக் குழவிக்கல்லை முட்டுக் கொடுத்திருப்பாள். தர்க்கப் புத்தகத்தில் மஞ்சள் கறை இல்லாத பக்கம் கிடையாது. தம்பி இடுப்பில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டியிருப்பாள். அவன் அறைக்குள் எங்கும் போகலாம். அடுப்புக்கும் கிணற்றுக்கும் எட்டாத அளவுக்கு அந்தக் கிழிசலின் நீளம். அவன் கிழிசலின் கடைசி வரை போய், அதற்கு மேல் போக முடியாமல் நின்று, அம்மாவைப் பார்த்துக் கைநீட்டி அழுவான். அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் அவன் பக்கம் நீட்டுவாள். அந்தக் கையின் விரல்களில் மை இருக்கும். அவன் அதைப் பிடித்துச் சப்பிச் சப்பி வாயெல்லாம் நீலமாகிக் கிடப்பான்.

பங்குனி வெயிலில் பரீட்சை தொடங்கியது. முதல் நாள் அம்மா போன பிறகு தம்பி இரண்டு மணி நேரம் விடாமல் அழுதான். நான் தூக்கிக்கொண்டு நடந்தேன், பாடினேன், கிணற்றில் முகம் காட்டினேன். வீட்டுக்காரர் மனைவி வந்து, தன் மாமனார் நெஞ்சுவலிக்காரர், நாளைக்கும் இந்தச் சத்தம் கேட்டால் காலிசெய்துகொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் அம்மா வந்ததும் அதை அப்படியே சொன்னேன். அம்மா எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை மோதிக்கொண்டாள். ஒரு தடவை இல்லை. நான் போய் இடுப்பைக் கட்டிக்கொள்ளும் வரை மோதிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து அறையில் மில்லுக்குப் போகிற ஒரு அக்கா இருந்தாள். அவள்தான் அன்று சாயங்காலம் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அபின். ஷிப்டுக்குப் போகும்போது அவளைப் போன்றவர்கள் கைப்பிள்ளைக்குப் பாலில் கலந்து கொடுத்துவிட்டுப் போவது அந்தக் காலத்தில் நடந்ததுதான். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். "ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவதான், தெரியுமா. அதுக்கு மேல கூடாது" என்று சொல்லிக் கொடுத்தாள். அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துத் திரும்ப மடித்தாள். பிறகு மஞ்சள் டப்பாவுக்குள் வைத்தாள்.

அடுத்த இரண்டு பரீட்சைகளுக்கும் தம்பி தூங்கினான். அம்மா திரும்பி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்ததும் மலங்க மலங்க விழித்தான். நான் நிம்மதியாக இருந்தேன். வெகுநாளுக்குப் பிறகு தனியாகச் சொட்டாங்கல் ஆடினேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது.

தர்க்கப் பரீட்சைக்கு முந்தின நாள் தெருக்குழாயடியில் என் பழைய டீச்சரைப் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு போட்டோ எடுக்கிறார்கள், என் பெயர் இன்னும் ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது, நானும் வந்து நிற்கலாம் என்றார். நான் அதுவரை போட்டோவில் நின்றதில்லை. அம்மாவிடம் கேட்டால் தம்பியை யார் பார்ப்பது என்பாள். கேட்கவில்லை.

மறுநாள் அம்மா தம்பிக்கு மருந்து கொடுத்து, அவன் கண் செருகும் வரை மடியில் வைத்திருந்துவிட்டு, 'பார்பரா, செலாரண்ட்' சொல்லிக்கொண்டே வாசலிறங்கிப் போனாள். நான் முகம் கழுவி, இருந்த ஒரே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டேன். கதவருகே போகும்போது தம்பி புரண்டு சிணுங்கினான். கண் பாதி திறந்து என்னைப் பார்த்தான். இப்போது விழித்துக்கொண்டால் எல்லாம் போயிற்று என்று தோன்றியது. மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். அம்மா எவ்வளவு எடுப்பாள் என்று பார்த்திருக்கிறேன். அந்த அளவுதான் எடுக்க நினைத்தேன். நகத்தில் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வந்தது. பரவாயில்லை, நன்றாகத் தூங்கட்டும் என்று மிச்சப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். அவன் கசப்புக்கு முகம் சுளித்து, பிறகு என் விரலையும் சப்பினான். அவன் இடுப்புக் கிழிசலை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு ஓடினேன்.

போட்டோ எடுக்க நேரமாயிற்று. பெரிய டீச்சர் வரவில்லை, வந்த பிறகு மேகம் மறைத்தது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட போட்டோக்காரர் வெளியே வரவே இல்லை. நான் இரண்டாவது வரிசையில் ஓரத்தில் நின்றேன். அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

பன்னிரண்டு மணி மில் சங்கு ஊதும்போது வளவுக்குள் நுழைந்தேன். தம்பி படுத்த இடத்திலேயே கிடந்தான். தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல மூச்சு எப்போதாவது ஒருமுறை வந்தது. உதடு கறுத்திருந்தது. மையைச் சப்பியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. தண்ணீர் தெளித்தேன். குலுக்கினேன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கியது. மில் அக்கா ஷிப்டில் இருந்தாள். வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிடப் பயம். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்தை நோக்கி ஓடினேன்.

பாலத்தின் கல் காலைச் சுட்டது. கீழே வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் சாயம் போட்ட நூலைச் சிவப்புச் சிவப்பாகக் காயப்போட்டிருந்தார்கள். பாதிப் பாலத்துக்கு மேல் ஓட முடியவில்லை. அவன் அவ்வளவு கனமாக அதற்கு முன்பு இருந்ததே இல்லை. கோரிப்பாளையம் முக்குக்கு வந்தபோது, அங்கே குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஜட்கா வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். தாடியும் லுங்கியுமாக, அப்பா வயதுதான் இருக்கும். ஒன்றும் கேட்காமல் தம்பியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"யா அல்லா, அபினு குடுத்திருக்கீங்களா? எங்க இருக்கா உன்னப் பெத்தவ?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அவர் இரண்டு பேரையும் தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். போகிற வழியில்தான் காலேஜ் கேட். அது என் கண்முன்னால் வந்து, தாண்டி, பின்னால் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் தொண்டைக்குள் ரப்பர்க் குழாயை விட்டுத் தண்ணீர் ஊற்றி எடுத்தார்கள். ஒரு ஆயா அவன் உள்ளங்காலைப் பட்டையால் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் காலை இழுக்கவில்லை. நர்ஸ் என் தோளைப் பிடித்து, எப்போது கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அப்படியென்றால் அம்மா எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அந்த நர்ஸ் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, "இந்தா பாரு, பிள்ளை பொழைக்கிறது கஷ்டம். அம்மா வந்தா முகத்தையாவது பாத்துக்கிடட்டும். எங்க இருக்காங்க?" என்றார். சொல்லிவிட்டேன். ஜட்காக்காரர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டதும் ஓடினார்.

அம்மா பாதிப் பரீட்சையில் எழுந்து வந்தாள். செருப்பில்லாமல் வந்தாள். அந்த அறைக்குள் அவள் நுழைந்ததும் தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நல்ல பாவாடையையும் பார்த்திருப்பாள். டாக்டர் கோபமாக, இது ஒரு தடவை கொடுத்த மருந்தில்லை, சரியாகச் சொன்னால்தான் எனக்கு உபயோகம் என்றார். நர்ஸ் கேட்டார்: "இன்னிக்கு எத்தன தடவம்மா குடுத்த?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு தடவ" என்றாள் அம்மா. "நான்தான் குடுத்தேன். ரெண்டாவது தடவ கொஞ்சம் கூடிப்போச்சு."

பொட்டலம் யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, தானே கடையில் வாங்கியதாகச் சொன்னாள். மில் அக்காவின் பெயரையும் எடுக்கவில்லை.

தம்பியைத் தூக்கிவைத்து நடந்துகொண்டே இருக்கச் சொன்னார்கள், தூங்கவிடக் கூடாது. அம்மா நடந்தாள். கடுங்காப்பியைக் கரண்டி கரண்டியாக உள்ளே விட்டார்கள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் அவன் ஈனசுரத்தில் ஒரு சத்தம் போட்டான். பிறகு வாய்விட்டு அழுதான். எந்த அழுகையை நிறுத்துவதற்காக இவ்வளவும் செய்தோமோ அதைக் கேட்டு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் அழு, இன்னும் அழு என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவன் பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரிச் சமாசாரம் எப்படியோ மூன்றாம் நாளே கோச்சடைக்குப் போய்விட்டது. பெரியப்பா மாட்டுவண்டியில் வந்தார். பெரியம்மாவும் கூட வந்திருந்தாள். பெரியப்பா சத்தம் போடவில்லை. திண்டாடிப்போன மனிதரைப்போல உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து, நர்ஸ் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். அம்மா அதே பதிலைச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டாவது தடவை கொடுத்தது நான் என்று சொல்ல அப்போது ஒரு அடி எடுத்து வைத்தால் போதும்.

"எந்தம்பி மூஞ்சியக்கூடப் பாக்காத புள்ள இது" என்றார் பெரியப்பா. "படிக்கிறவளுக்குப் புள்ள எதுக்குத்தா? நீ படி. இவன நாங்க கொண்டுபோறோம்."

அம்மா அவர் காலில் விழுந்தாள். பரீட்சையை விட்டுவிடுகிறேன், கோச்சடைக்கே வந்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னாள். பிள்ளைக்கு விஷம் வைத்தவளை வீட்டில் சேர்க்க முடியாது என்று பெரியம்மா சொன்னாள். தம்பி பெரியம்மாவின் தோளில் உட்கார்ந்து மாட்டின் சலங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

துரைசானிக்கும் விஷயம் தெரிந்தது. அவர் அம்மாவைக் கூப்பிட்டு, குழந்தைகள் கூடவே இருந்ததை ஏன் மறைத்தாய் என்று வருத்தப்பட்டாராம். பொய் சொன்னவளுக்கு இனி சிபாரிசு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம். அவரும் கெட்டவர் இல்லை. அவர் போட்ட நிபந்தனைதான் அம்மாவைப் பொய் சொல்லவைத்தது என்று அவருக்குக் கடைசி வரை தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து என் டீச்சர் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா வாங்கினாள். முன்வரிசையில் ஒரு பெண் பிடித்திருந்த சிலேட்டில் தேதி எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்தாள். பிறகு விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே போய் என்னிடம் வந்து நின்றாள். எனக்கு அடி விழும் என்று நின்றேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கண்ணச் சிமிட்டாம நின்னிருக்க" என்று மட்டும் சொன்னாள். போட்டோவைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். வீடு மாறியபோது அந்தப் பெட்டி கரையான் பிடித்துப் போயிற்று.

அந்தப் பேப்பரை அம்மா செப்டம்பரில் திரும்ப எழுதித் தேறினாள். ட்ரெயினிங் முடித்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். கொடுத்த வாக்குப்படி என்னையும் பள்ளியில் சேர்த்தாள். நான்தான் ஸ்கூல் பைனலோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் மனம் ஓடவில்லை. அப்பா வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் அம்மாவும் ஆற்றோரமாகவே நடந்து கோச்சடைக்குப் போவோம். தம்பி முதலில் பெரியம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். பிறகு வளர்ந்து, வாசலுக்கு வந்து, "வாங்க சின்னம்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

அம்மா இறந்தபோது தம்பிக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. கொள்ளிவைக்க அவன்தான் வந்தான். குளித்து ஈரத்துண்டோடு நின்றவன், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தான்.

"அக்கா, சின்னம்மா எனக்கு ரெண்டு தடவ குடுத்தாகளாமே. எங்கம்மா சாகுற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நெசந்தானா?"

"எனக்கு என்னப்பா தெரியும். நான் அப்ப சின்னப்பிள்ளை" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை, தெருமுனை வரை பின்னாலேயே போனேன். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சங்கும் சேகண்டியும் அடித்துக்கொண்டிருந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அவன் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். நான் சொல்லவில்லை.